கொல்லிமலையில் விழுந்த கோதுமை மணி



நாமக்கல் பக்கம் போகும்போது பஸ்ஸிலிருந்து கொல்லிமலையைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அந்த மலைமேல் ஒரு கணவனும் மனைவியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் ஜெசி பிராண்ட் 1929-ல் மரித்தார். மனைவி எவ்லின் அம்மையார் மரித்தது 1974-ல். இடையில் 45 வருஷம்!

அம்மையார் 1879-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பட்டும் லேஸும் உடுத்தி, ஓவியம் படித்து வளர்ந்தவர். ஆண்டவர் கூப்பிட்டதும் அதையெல்லாம் விட்டுட்டு இந்தியாவுக்கு வந்தார். 1913-ல் ஜெசியை மணந்து மலையேறினார். இன்று நாம 70 கொண்டை ஊசி வளைவில் வண்டியில் போகிறோம். அன்றைக்கு ரோடே கிடையாது. நடை, இல்லாவிட்டால் டோலி.

வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஆனாலும் வருஷக்கணக்காய் ஒரு ஆத்துமாவும் வரவில்லை. அவ்வூர்ப் பூசாரியே கடுமையாய் எதிர்த்தார். பிறகு விஷக்காய்ச்சல் பரவி அந்தப் பூசாரி சாகக் கிடந்தபோது, அவரைக் கவனித்தது இவர்கள்தான். அவர் தம் பிள்ளைகளை இவர்கள் கையிலேயே ஒப்புவித்தார். அதன்பின்பே மலையில் கதவு திறந்தது.

நகையை விடுவது ஒருவேளை லேசு. பிள்ளைகளை விடுவது? 1923-ல் 9 வயது மகன் பாலையும் மகளையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு இருவரும் மலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் பால் தன் தகப்பனைப் பார்க்கவே இல்லை. மலேரியாவைத் தொடர்ந்து வந்த கருநீர்க் காய்ச்சல் ஜெசியைக் கொண்டுபோயிற்று. அந்தப் பால்தான் பிற்பாடு வேலூரில் குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்ப்படுத்திய டாக்டர் பால் பிராண்ட்.

அம்மையார் மலையை மறக்கவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் தடுத்தது. ஏறக்குறைய 70 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே போயிட்டார்! பச்சைமலை, கல்வராயன்மலை வரை குதிரைமேல் போனார். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் தடி ஊன்றி நடந்தார். கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பகுதியில் நரம்புச்சிலந்தி நோயையே ஒழித்தார்.

கடைசி 20 வருஷம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. அவரே வேண்டாமென்று விட்டார். சாவிலும் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. சவப்பெட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தபடி, வெறும் பருத்தித் துணியில் சுற்றி அந்த மண்ணிலே வைத்தார்கள்.

பிரியமானவர்களே, அந்த அம்மையார் நம்ம சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் அவர் ஜீவியம் நம்மைக் கேள்வி கேட்கிறது. உபவாசம் இருக்கிறோம், அந்நிய பாஷை பேசுகிறோம். ஆனால் பண்ணைக்கோ லாரிக்கோ கடன் ஏறினால் ஜெபம் நின்னுபோகுது. பக்கத்து வீட்டார் மாடி கட்டினால் தூக்கம் போகுது. பரிசுத்தம் என்பது வெள்ளை உடுப்பு மட்டுமா? அம்மையார் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. முதலில் பட்டு, பிறகு பிள்ளைகள், கணவர், பெலன், கடைசியில் தன் முகமும்கூட. ஒவ்வொன்றாய்க் கை திறந்தது. ஒவ்வொரு முறையும் கிறிஸ்து அதிகமாய் உள்ளே வந்தார்.

நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது (யோவான் 12:24) நம்ம கண்ணுக்கு எட்டும் மலையிலேயே நிறைவேறியிருக்கிறது. இந்த வாரம் முழங்காலில் நின்று ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்: ஆண்டவரே, நான் இறுக்கிப் பிடித்திருப்பது எது? அவர் காட்டுவார். காட்டினதை விட்டுவிடுங்கள். ஆமென், அல்லேலூயா!