ஓட்டோ லிலியென்தால்

ஓட்டோ லிலியென்தால் (மே 23, 1848 - ஆகஸ்ட் 10, 1896) ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளரும் வான்பறப்பு முன்னோடியும் ஆவார். கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத மிதவை வானூர்திகளில் பலமுறை பறந்து, அப்பறப்புகளை முறையாகப் பதிவு செய்த முதல் மனிதராக இவர் கருதப்படுகிறார். 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2000 தடவை பறந்தார். ஒவ்வொரு பறப்பும் சில நொடிகளே நீடித்ததால், இவர் வானில் இருந்த மொத்த நேரம் சுமார் 5 மணி என்றே மதிப்பிடப்படுகிறது.

இளமையும் ஆய்வும்

பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தில் அங்க்லாம் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தம்பி குஸ்தாவுடன் சேர்ந்து நாரைகளின் பறப்பைக் கூர்ந்து கவனித்து வந்தார். பெர்லினில் பொறியியல் பயின்று, பின்னர் அங்கேயே நீராவிக் கொதிகலன்களும் எஞ்சின்களும் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். தட்டையான இறக்கையைவிடச் சற்றே வளைந்த இறக்கை கூடுதல் ஏற்றவிசை தரும் என்பதை அளவீடுகளால் காட்டி, பறவைகளின் பறப்பைப் பற்றிய தமது நூலை 1889 இல் வெளியிட்டார்.

பறப்புகள்

1891 இல் போட்ஸ்டாம் அருகே டெர்விட்ஸில் இவர் கடந்த தூரம் சுமார் 25 மீட்டர். ரினோ குன்றுகளில் அது 250 மீட்டர் வரை எட்டியது. 1894 இல் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் 15 மீட்டர் உயரமுள்ள கூம்பு வடிவ மண்மேடு ஒன்றை எழுப்பினார். காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அதனை எதிர்த்து ஓடிக் கிளம்பவே இந்தக் கூம்பு வடிவம்.

வேகமும் உயரமும்

எஞ்சின் இல்லாத வானூர்திக்கு உயரமே எரிபொருள். மூக்கைத் தாழ்த்தினால் உயரம் குறைந்து வேகம் கூடும். மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும். லிலியென்தால் தமது உடலை அசைத்தே இதனைச் செய்தார். கைகளால் சட்டத்தைப் பற்றித் தொங்கியபடி கால்களை முன்னே வீசினால் எடைமையம் முன்னே நகர்ந்து மூக்கு தாழும்; பின்னே வீசினால் மூக்கு எழும்.

மூக்கு அளவுக்கு மீறி எழுந்தால் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று பிரிந்துவிடுகிறது. ஏற்றவிசை திடீரெனக் குறைகிறது. இந்நிலை ஸ்டால் எனப்படும். தரையை நெருங்கியதும் லிலியென்தால் வேண்டுமென்றே மூக்கை உயர்த்தி, வேகத்தை இழந்து, கால்களால் மெல்ல இறங்குவார். ஒரு மீட்டர் உயரத்தில் இது நல்ல தரையிறக்கம். பதினைந்து மீட்டரில் பேராபத்து. மீள்வதற்கு உடனே மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தைப் பெற வேண்டும். இன்றைய பயிற்சி விமானிகள் தொடக்கத்திலேயே இதனைப் பழகுகின்றனர், அதுவும் போதிய உயரத்தில். லிலியென்தாலுக்கு அத்தகைய உயரம் ஒருபோதும் கிடைக்கவில்லை. தோளுக்குக் கீழுள்ள உடல் மட்டுமே அசைந்ததால் எடைமையத்தை அதிகம் நகர்த்தவும் இயலவில்லை.

இறப்பு

1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் அருகேயுள்ள கோலன்பெர்க் குன்றில் பறந்தபோது காற்று மூக்கை மேலே தூக்கியது. கிளைடர் வேகமிழந்து சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. கழுத்தெலும்பு முறிந்த லிலியென்தால் மறுநாள் பெர்லினில் காலமானார். ஜெர்மன் விண்வெளி மையம் 2016 இல் இவரது கிளைடரின் நகல் ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது. அவ்வமைப்பு இயல்பில் நிலைத்தன்மை கொண்டதே என அச்சோதனையில் தெரியவந்தது. ஆகவே வடிவமைப்பை மட்டும் குறை கூறுவது பொருந்தாது.

தாக்கம்

இவரது மரணச் செய்தி அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. உடலசைவு மட்டும் போதாது என முடிவு செய்த அவர்கள், மூக்கின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் உயர்த்தி என்னும் பரப்பை இறக்கைக்கு முன்னால் பொருத்தினர். 1901 இல் அவர்களது கிளைடர் ஸ்டால் அடைந்தபோது தலைகுப்புற விழாமல் கிடைமட்டமாகவே மணலில் அமர்ந்தது. 1903 இல் பறந்த எஞ்சின் வானூர்தியிலும் உயர்த்தி முன்னாலேயே இருந்தது. 1910 இல் வந்த மாடல் பி வானூர்தியில் அது வாலுக்கு மாற்றப்பட்டது.