இராபர்ட் ஹூக்

ஹூக்கின் விதியைப் பள்ளியிலேயே கற்றோம், ஹூக்கைக் கற்றோமில்லை. அக்குறையை ஒருவாறு தீர்ப்பான் வேண்டி இதனை வரைகின்றோம்.

இங்கிலாந்தின் தெற்கேயுள்ள வைட் தீவில், 1635-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், உதவிக் குருவானவர் ஒருவரின் புதல்வராக இவர் பிறந்தார். பதின்மூன்றாம் பிராயத்தில் தந்தையை இழந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். இராபர்ட் பாயிலுக்கு உதவியாளராயிருந்து, 1662-ல் இராயல் சொசைட்டியின் சோதனைக் கண்காணிப்பாளரானார். அறிஞர் கூடும்போதெல்லாம் புதுச் சோதனைகளைச் செய்து காட்டுதல் இவர் கடமை. தக்கையின் நுண்ணறைகளை உருப்பெருக்கியாற் கண்டு, 1665-ல் அவற்றிற்குச் செல் என்று பெயரிட்டவரும் இவரே.

1666-ல் பெருந்தீ இலண்டனை அழித்தது. நகரை மீண்டும் அமைக்கும் பணியில் இவர் நில அளவையாளராக உழைத்தார். வளைவு எவ்வுருவம் கொள்ளின் சரியாது நிற்கும் என்பதையும் ஆராய்ந்தார். இவர் கண்ட விடை எளியது. இரு முனையும் பற்றித் தொங்கவிட்ட சங்கிலியின் உருவத்தைத் தலைகீழாக்கின், அதுவே உறுதியான வளைவாகும். சங்கிலியில் இழுப்பாயிருந்த விசை, கவிழ்ந்த வளைவில் அழுத்தமாகிக் கற்களை ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தும்.

இதனை வகுப்பறையிலும் காணலாம். சுவரில் தொங்கும் சங்கிலியை ஒட்டிக் கோடு வரைந்து, அக்கோட்டிற்குச் செங்குத்தாக மூட்டுக்கள் அமையுமாறு மரக்கட்டைகளை அறுத்தல் வேண்டும். கிடையாய்க் கிடக்கும் பலகைமேல் அவற்றை வரிசைப்படுத்தி, பலகையோடு மெல்ல நிமிர்த்தி, பின் பலகையை விலக்கினால், பசையும் ஆணியுமின்றி வளைவு நிற்கும். ஒரு கட்டையை உருவினால் அனைத்தும் வீழும்.

இத்தகைய உண்மையை ஹூக் வெளிப்படையாகக் கூறினாரல்லர். பிறர் கவர்ந்துகொள்வர் என்றஞ்சி, 1675-ல், தாம் கண்டதை ஓர் இலத்தீன் வாக்கியமாக்கி, அதன் எழுத்துக்களை அகரவரிசையிற் கலைத்து நூலொன்றின் இறுதியில் அச்சிட்டார். அங்ஙனமே மறைத்த சுருள்வில்லின் விதியை 1678-ல் தாமே விளக்கினார். வளைவின் மறையை விளக்கினாரில்லை. நண்பர் கிறிஸ்டோபர் ரென்னுக்கு அக்கருத்தை அறிவித்தார். ரென் தமது பவுலடியார் பேராலய மாதிரியை அதற்கேற்ப மாற்றினார் என்று ஹூக்கின் நாட்குறிப்பால் அறிகின்றோம். அவ்வளைகோட்டின் கணிதத்தை 1691-ல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி ஆகியோர் கண்டு வெளியிட்டனர்.

நியூட்டனோடு நேர்ந்த பூசல் ஹூக்கின் இறுதிக்காலத்தைக் கசப்பாக்கிற்று. 1703 மார்ச் 3-ஆம் நாள் இவர் உயிர்நீத்தார். ஈராண்டு கழித்தே வளைவின் மறை வெளியாயிற்று. ஐயமற இவருடையதெனத்தக்க உருவப்படம் ஒன்றேனும் இன்றில்லை.

ஒன்றையொன்று தாங்கி நிற்றலே வளைவின் வலிமை என்றறிந்தவர், தம் அறிவைப் பிறரோடு பகிர அஞ்சித் தனித்து நின்றார். கற்றதை ஒளிக்கும் எண்ணம் எழுங்கால், மாணவராகிய நாம் இவர் வாழ்வை நினைவிற் கொள்வோமாக.