செவ்வாய், சனி... ரெண்டு வருஷம் ஒருநாள்கூட தவறல! சோம்பேறி ஜான்சன் விடாம எழுதின கதை

நாலு பேருக்குப் பயன்படுற மாதிரி தொடர்ந்து எழுதணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா? முதல் வாரம் ரெண்டு கட்டுரை வரும். அடுத்த வாரம் ஒண்ணு. மூணாவது வாரம், "மூடே வரலப்பா"ன்னு போனை எடுத்துட்டுப் படுத்துடுவீங்க. இது நம்மில் பல பேரோட கதைதான். கவலைப்படாதீங்க, இதே வியாதி முற்றிப்போன ஒருத்தர் 1750-ல லண்டன்ல இருந்தார். பேரு சாமுவேல் ஜான்சன். மதியம் வரைக்கும் தூங்குவார், எழுந்ததும் தன்னைத் தானே திட்டிக்குவார், 'நாளையிலிருந்து ஒழுங்கா இருப்பேன்'னு டைரியில சபதம் எடுப்பார். அதே ஆள்தான் வாரம் ரெண்டு கட்டுரைன்னு ரெண்டு வருஷத்துக்கு இடைவெளியே விடாம எழுதினார்.

எப்படி முடிஞ்சுதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி ஆளைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. 1709-ல இங்கிலாந்தோட லிச்ஃபீல்ட் ஊர்ல ஒரு புத்தகக் கடைக்காரருக்கு மகனாப் பிறந்தார். குழந்தையிலேயே வந்த கண்டமாலை நோய் முகத்துல தழும்பையும் மங்கலான பார்வையையும் விட்டுட்டுப் போச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல சேர்ந்தார். ஷூ கிழிஞ்சு விரல் தெரியிற அளவுக்கு வறுமை. பரிதாபப்பட்டு யாரோ அறை வாசல்ல புது ஷூ வெச்சாங்க. கோபத்துல அதைத் தூக்கி எறிஞ்சார். ஒரு வருஷம் சொச்சத்துல பணமில்லாம பட்டம் வாங்காமலே கிளம்பிட்டார். 25 வயசுல, தன்னைவிட இருபது வயசு மூத்த விதவையான எலிசபெத்தைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 'டெட்டி'ன்னுதான் கூப்பிடுவார். ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார், அதுவும் ஓடல. 1737-ல, பிழைப்பு தேடி லண்டன்.

அங்கே பத்திரிகைகளுக்கு எழுதி வயித்தைக் கழுவினார். 1746-ல பெரிய வேலை கிடைச்சுது: ஆங்கிலத்துக்கு ஓர் அகராதி. மூணு வருஷத்துல முடிச்சுடுவேன்னு அடிச்சுச் சொன்னார். மூணு வருஷம் ஓடியும் முடியல. இந்த நேரத்துலதான், 1750 மார்ச் 20, செவ்வாய்க்கிழமை 'தி ராம்ப்ளர்' முதல் இதழ் வந்துச்சு. பேர் கிடைக்காம ராத்திரி கட்டிலோரம் உட்கார்ந்து, பேர் வைக்காம தூங்கறதில்லைன்னு அடம்பிடிச்சு வெச்ச பேராம் அது. இஷ்டத்துக்குச் சுத்தித் திரியிறவன்னு அர்த்தம். விலை ரெண்டு பென்னி. ஒரு கட்டுரைக்கு அவருக்குக் கூலி ரெண்டு கினி, அதாவது ரெண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல.

இதுல கவனிக்க வேண்டியது அந்த 'செவ்வாய், சனி'தான். எழுத நல்ல ஐடியா வந்தா இதழ் வரும்னு ஏற்பாடு இல்ல. கிழமை வந்தா இதழ் வந்தாகணும். கடைசி நேரம் வரைக்கும் இழுத்தடிப்பார். அச்சகத்துப் பையன் வாங்கிட்டுப் போக வந்து நிப்பான். அப்போதான் பேனா ஓடும். பல கட்டுரைகளை அவர் திருப்பிப் படிக்காமலே கொடுத்திருக்கார். 1751 ஜூன் 29 இதழை மட்டும் எடுத்துக்குங்க. முந்தின நாள் எந்தத் தலைப்புல எழுதலாம்னு யோசிச்சு யோசிச்சே பொழுது போயிடுச்சு. அச்சகத்துலேருந்து ஆள் வந்துட்டாங்க. என்ன பண்ணார் தெரியுமா? வேலையைத் தள்ளிப்போடுற அந்தக் குணத்தையே தலைப்பாக்கிட்டார். இன்னிக்கும் அவரோட கட்டுரைகள்ல அதிகம் படிக்கப்படுற ஒண்ணு அது.

ஆனா வெறுங்கையோட உட்காரல. தலைப்புகளையும் துணுக்குகளையும் ஒரு சின்ன நோட்டுல கிறுக்கி வெச்சிருந்தார். கை ஓடாத நாள்ல, யாரோ வாசகர் எழுதின கடிதம் மாதிரி கற்பனையா ஒரு கடிதம் எழுதிடுவார். ஏமாத்தப்பட்டு வீதிக்கு வந்த பெண், பணத்துக்காக உறவுக்காரங்க பின்னாடி அலையிறவங்கன்னு ஆளுக்கொரு குரல். அன்னிக்கு லண்டன்ல திருட்டுக்கும் தூக்கு, கொலைக்கும் தூக்கு. ரெண்டுக்கும் ஒரே தண்டனைன்னா திருடன் சாட்சியை ஏன் உயிரோட விடுவான்னு 1751-லேயே ஒரு கட்டுரையில கேட்டார். இதெல்லாம் பொழுதுபோக்கு எழுத்து கிடையாது. நடை கொஞ்சம் கனம்தான், அதையும் சொல்லிடணும். பகல் முழுக்க அகராதி வேலை பார்த்தவர் இல்லையா, பெரிய பெரிய வார்த்தையா வந்து விழும். அப்பவே அதைப் பத்திப் புலம்பினாங்க.

அதனாலயோ என்னவோ, இதழ் ஐந்நூறு பிரதிகூட விக்கல. எழுதினவர் பேரும் அதுல இல்ல. உங்க எழுத்தை இருபது பேர்தான் படிக்கிறாங்கன்னு சோர்ந்துபோறீங்களே, இவருக்கும் அந்த நிலைமைதான். ஆனா வீட்டுலயே ஒரு வாசகி கிடைச்சாங்க. நோயாளியா, குடியும் மருந்துமா இருந்த டெட்டி, முதல் சில இதழ்களைப் படிச்சுட்டு, உன்னைப் பத்தி நல்லாத்தான் நினைச்சிருந்தேன், ஆனா இப்படி எழுதுவேன்னு நினைக்கலைங்கிற அர்த்தத்துல சொன்னாங்க. அந்தப் பாராட்டு ஜான்சனுக்கு மத்த எல்லாத்தையும்விடப் பெருசு. 1752 மார்ச் 14, சனிக்கிழமை 208-வது இதழோட ராம்ப்ளரை நிறுத்தினார். அதுல நாலைஞ்சு தவிர எல்லாமே அவர் எழுதினது. சில நாள்லயே டெட்டி இறந்துட்டாங்க. அப்புறம் 32 வருஷம் இருந்தார், மறுமணம் பண்ணிக்கல. அவங்க நினைவு நாள்ல வருஷா வருஷம் பிரார்த்தனை எழுதினார்.

கட்டுரைகள் புத்தகமா வந்தப்போதான் நிதானமா உட்கார்ந்து திருத்தினார், ஆயிரக்கணக்கான இடத்துல. அவர் உயிரோட இருக்கும்போதே பத்துப் பதிப்பு வந்துச்சு. தனி இதழா சீண்டாத ஊர், புத்தகமா வாங்கிப் படிச்சுது.

அகராதி 1755-ல வந்துச்சு. மூணு வருஷ வேலை ஒன்பது வருஷமாச்சு. 1758-ல திரும்பவும் வாராந்தரக் கட்டுரை. இந்தத் தடவை 'தி ஐட்லர்', அதாவது சோம்பேறி. ஆளுக்கேத்த பேர்! ஒருநாள் ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கும்போது, தபால் போக எவ்வளவு நேரம் இருக்குன்னு நண்பர்கிட்ட கேட்டார். அரை மணி நேரம்னாங்க. உட்கார்ந்து ஒரே மூச்சுல எழுதி முடிச்சார். நண்பர் படிக்கக் கேட்டார். நானே இன்னும் படிக்கலைங்கிற மாதிரி பதில் சொல்லி, மடிச்சு அனுப்பிட்டார்.

அதே சமயம், ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிச்சுத் தர்றேன்னு அவர் முன்பணம் வாங்கியிருந்தார். 1757-க்குள்ள தர்றதா பேச்சு. அதுக்குச் செவ்வாயும் கிடையாது, சனியும் கிடையாது, வாசல்ல நிக்கிற பையனும் கிடையாது. புத்தகம் வந்தது 1765-ல.