சிறுவருக்காக ஒலித்த நாடகங்கள்: டொறத்தி சேயர்ஸ்

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்னில் வானொலி நாடகம் கேட்போம். சுற்றுபவருக்குக் கை உளைந்தால் நாடகமும் மெலிந்து போகும். முகம் தெரியாத குரல்கள் பிள்ளைகளின் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை அந்த நாட்களில் வளர்ந்த பழைய மாணவிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான், இன்னொரு போர்க்காலத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக வானொலி நாடகம் எழுதிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இந்த நூற்றாண்டு மலருக்கு எழுதத் தெரிவு செய்தேன்.

டொறத்தி சேயர்ஸ் 1893 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் திகதி ஒக்ஸ்பேர்டில் பிறந்தார். தந்தையார் அங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். பாடசாலைத் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். டொறத்திக்கு நான்கு வயதானபோது குடும்பம் புளண்டிஷம் என்ற நாட்டுப்புறப் பங்குக்கு இடம்மாறியது. ஒரே பிள்ளையான மகளுக்குத் தந்தையார் வீட்டிலேயே இலத்தீன் கற்பித்தார். பதினைந்தாவது வயதில் சோல்ஸ்பரி நகரிலுள்ள கொடொல்பின் மகளிர் பாடசாலை விடுதியில் சேர்க்கப்பட்டார். அங்கு சின்னமுத்து பரவியபோது அவருக்கு அது நியுமோனியாவாக மாறி, மரணத்தின் விளிம்புவரை கொண்டுசென்றது. அன்டிபயோட்டிக் மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் அவர் பிழைத்தது பெரிய காரியம் என்று வைத்தியராகிய எனக்குத் தோன்றுகிறது.

புலமைப்பரிசில் பெற்று 1912 இல் ஒக்ஸ்பேர்டின் சோமவில் கல்லூரிக்குச் சென்றார். 1915 இல் பிரெஞ்சு மொழியில் முதல் வகுப்பில் தேறினார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் பெற முடியாது என்பதே அன்றைய விதி. 1920 ஒக்டோபரில் அந்த விதி மாறியபோது பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் அவரும் நின்றார்.

பிறகு லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே துப்பறியும் நாவல்கள் எழுதினார். 1923 இல் முதல் நாவல் வெளிவந்தது. லோர்ட் பீற்றர் விம்சி என்ற துப்பறிவாளர் பாத்திரம் அவருக்குப் பெயரும் பணமும் தேடித்தந்தது.

1940 இல் பி.பி.சி.யின் சமய ஒலிபரப்புப் பணிப்பாளர் ஜேம்ஸ் வெல்ச் அவரிடம் ஒரு வேண்டுகோளுடன் வந்தார். சிறுவர் நேர நிகழ்ச்சியில் இயேசுவின் வாழ்க்கையைத் தொடர் நாடகமாக எழுதித் தரவேண்டும். சேயர்ஸ் சம்மதித்தார், ஆனால் நிபந்தனைகள் விதித்தார். இயேசு ஒரு பாத்திரமாகத் தம் சொந்தக் குரலில் பேசவேண்டும். மற்றவர்களும் பழைய வேதாகம நடையில் அல்லாமல் அன்றாடப் பேச்சில் பேசவேண்டும். இது சிறிய விடயம் அல்ல. மேடையில் கிறிஸ்துவாக ஒருவர் நடிப்பதை அன்றைய தணிக்கை விதி தடுத்திருந்தது. வானொலி அந்த விதிக்குள் அடங்கவில்லை.

முதற் பிரதியைப் படித்த சிறுவர் பகுதியினர் சில வசனங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது, மாற்றவேண்டும் என்றனர். சேயர்ஸ் மறுத்தார். ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை, நல்ல கதையின் வேகமே அவர்களை இழுத்துச் செல்லும் என்பது அவரது உறுதியான எண்ணம். பிரச்சினை முற்றி, ஒப்பந்தத்தைக் கிழித்துத் திருப்பி அனுப்பினார். வெல்ச் பொறுமையாகச் சமாதானம் பேசி, தயாரிப்பை நாடகப் பகுதித் தலைவர் வால் கீல்குட்டிடம் ஒப்படைத்தார். பன்னிரண்டு நாடகங்கள் உருவாயின.

1941 டிசம்பரில் பத்திரிகையாளர் சந்திப்பில் சேயர்ஸ் சில பகுதிகளை வாசித்துக் காட்டினார். மறுநாளே பத்திரிகைகளில் பெரும் கூச்சல். வேதத்தை அவமதிக்கும் நாடகம் என்று சில சமய அமைப்புகள் கண்டித்தன. பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபோது, அது இந்த நாடகங்களுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சொன்னவர்களும் இருந்தார்கள்! பி.பி.சி. பிரதிகளைத் தன் சமய ஆலோசனைக் குழுவுக்குக் காட்டி, ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1941 டிசம்பர் 21 இல் தொடங்கிய தொடர் 1942 ஒக்டோபரில் நிறைவெய்தியது. இயேசுவின் குரலாக ஒலித்தவர் ரொபர்ட் ஸ்பெய்ற் என்ற நடிகர்.

அந்த நாடகங்களின் தனித்தன்மை எது? அவற்றில் பாத்திரங்கள் போதனை செய்ய நிறுத்தப்பட்ட பொம்மைகள் அல்லர். ஆயக்காரனாகிய மத்தேயு லண்டன் தெருவில் எதிர்ப்படக்கூடிய மனிதனைப் போலப் பேசுகிறான். யூதாஸ் பிறவிக் கெட்டவன் அல்லன். கூர்மையான அறிவும் இலட்சியமும் உடையவன், அந்த அறிவின் செருக்கினாலேயே குருவைச் சந்தேகித்துக் கெட்டுப்போகிறான். முதல் நாடகத்தில் ஏரோதின் அரண்மனையில் நிற்கும் இளம் ரோமப் போர்வீரன், வயது முதிர்ந்தவனாகச் சிலுவையடியிலும் நிற்கிறான். சிலுவைக் கொடூரத்தையும் அவர் பூசி மெழுகவில்லை. குண்டு விழும் ஓசை கேட்டு வளரும் பிள்ளைகளிடம் துன்பத்தை மறைப்பது அவர்களை மதிக்காத செயல் என்று அவர் கருதினார். நாடகத்தின் முடிவில் தனியே ஒரு நீதிமொழி ஒட்டத் தேவையில்லை, சம்பவத்தை உண்மையாகச் சொன்னால் விசுவாசம் அதற்குள்ளேயே இருக்கிறது என்பதே அவரது வழி.

1943 இல் கன்டர்பரிப் பேராயர் வில்லியம் டெம்பிள் இந்தப் பணிக்காக அவருக்கு இறையியல் கலாநிதிப் பட்டம் வழங்க முன்வந்தார். பட்டத்துக்காக ஒருகாலத்தில் ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பெண், இதனை ஏற்க மறுத்துவிட்டார். அதற்குத் தாம் தகுதியான கிறிஸ்தவர்தானா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது.

அந்தத் தயக்கத்தின் பின்னால் ஒரு துயரம் இருந்திருக்கலாம். 1924 ஜனவரியில், திருமணமாகாத நிலையில், அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். பெற்றோருக்கும் சொல்லாமல், குழந்தையை நம்பிக்கையான ஒன்றுவிட்ட சகோதரியிடம் வளர்க்கக் கொடுத்தார். செலவுகளைத் தாமே ஏற்றார், கடிதம் எழுதினார். 1926 இல் திருமணம் செய்த பிறகும் மகனைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளவில்லை. நாடெங்கும் உள்ள பிள்ளைகளுக்குப் பெத்லகேமின் தாயையும் குழந்தையையும் குரலாகக் கொடுத்தவர், தம் பிள்ளையை வெளியில் மகன் என்று சொல்ல முடியாமலே வாழ்ந்தார். மணமாகாத தாய்மாரை அன்றைய சமூகம் நடத்திய விதம் நமக்கும் புதிதல்ல. இன்றும் என் கிளினிக்கில் அந்தப் பயத்தோடு வந்து உட்காரும் பெண்களைக் காண்கிறேன்.

பிற்காலத்தில் தாந்தேயின் காவியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். மூன்றாம் பாகம் முடியுமுன், 1957 டிசம்பர் 17 ஆம் திகதி விதம் நகரிலுள்ள தம் வீட்டில் காலமானார். சொத்து முழுவதும் மகனுக்கே சென்றது. மகன் ஒருவர் இருப்பதை அவரது நண்பர்கள் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

குறையில்லாதவராக அவரை நான் உங்கள் முன் நிறுத்தவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் பேசும்போது அவர் காட்டிய மரியாதை என்னை விட்டுப் போகவில்லை. வார்டில் ஒரு பிள்ளையின் கட்டிலருகே நின்று நோயை விளக்கும்போது, உண்மையைக் குறைத்துச் சொல்ல நாக்கு முந்தும். அந்த வேளைகளில் அவரை நினைத்துக்கொள்வேன். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாக விளங்கிக்கொள்கிறது.

எங்கள் பாடசாலையிலும் சமய பாடத்தையும் சரித்திரத்தையும் அப்படி மரியாதையோடு எங்களுக்குச் சொல்லித்தந்த ஆசிரியைகள் இருந்தார்கள். நூறு வயதாகும் எங்கள் சங்கம் அவர்களை நன்றியோடு நினைக்கட்டும். ஞாயிறு பாடசாலையிலோ வீட்டிலோ பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பழைய மாணவிகளே, கதையைக் குறைக்காமல் முழுவதுமாகச் சொல்லுங்கள்.