எஃகுக் கனவு கண்ட ஜம்ஷெட்ஜி டாடா



டாடா என்றாலே நமக்கு உப்பும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயரை நிலைநாட்டிய ஜம்ஷெட்ஜி டாடாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1839 மார்ச் 3-ல் குஜராத்தில் நவ்சாரி என்ற ஊரில், பார்சி குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் படித்தார். நம்ம ஊரில் ரோடியர் மில் இருந்த மாதிரி, அவரும் முதலில் பஞ்சாலைதான் நடத்தினார். 1877-ல் நாக்பூரில் எம்ப்ரஸ் மில். நல்ல லாபம். அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

1882-ல் சாந்தா மாவட்டத்து இரும்புக்கல்லைப் பற்றி ஒரு ஜெர்மானியர் எழுதிய அறிக்கையைப் படித்தார். இரும்பு ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பக்கத்து நிலக்கரி உலைக்குச் சரிப்படவில்லை. வெள்ளைக்கார அரசின் சுரங்க விதிகளும் இடம் கொடுக்கவில்லை. (நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830-களிலேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டுவந்து ஆலை நடத்தினார். மரக்கரியை நம்பிய ஆலை. கடைசியில் மூடிவிட்டார்கள்.)

17 வருஷம் கழித்து, 1899-ல்தான் விதிகள் தளர்ந்தன. வேறு யாராவது என்றால் மறந்தே போயிருப்பார்கள். இவரோ 1902-ல், 63 வயசில், அமெரிக்கா போய் எஃகு ஆலைகளைப் பார்த்தார். பெரின் என்ற நிபுணரை உதவிக்குக் கேட்டார். அதே வருஷம் மகன் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார். ஆலை வரும் ஊரில் அகலமான தெரு, நிழல் மரங்கள், விளையாட்டு மைதானம், கோயில், மசூதி, சர்ச் எல்லாம் இருக்கணும் என்றார். எந்த ஊர் என்றே அப்போது முடிவாகவில்லை!

1904 மே 19-ல் ஜெர்மனியில் இறந்துபோனார். தன் ஆலையின் ஒரு துண்டு எஃகைக்கூட அவர் பார்க்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மீதியை மகன் தோராப்ஜி பார்த்துக்கொண்டார். மயூர்பஞ்சில் இரும்புக்கல் இருப்பதை பி.என். போஸ் என்ற நிலவியல் அறிஞர் கடிதத்தில் தெரிவித்தார். 1907-ல் கம்பெனி தொடங்கியது. லண்டனில் பணம் புரளவில்லை. நம் நாட்டு மக்கள் சுமார் 8,000 பேர் மூன்றே வாரத்தில் பங்கு வாங்கினார்கள். இவர்கள் செய்யும் தண்டவாளத்தைத் தானே தின்பதாக ரயில்வே வாரியத் தலைவர் அப்காட் கேலி செய்தாராம். 1912 பிப்ரவரியில் சாக்சி கிராமத்தில் எஃகு வந்தது. முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கே தண்டவாளம் போனது. பாவம் அப்காட், எவ்வளவு தின்றிருக்கணும்!

1919-ல் சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயர் மாற்றினார்கள். ஆதிவாசிகள் வாழ்ந்த ஊர் அது. அவர்கள் ஊர்ப் பேர் அழிந்துவிட்டதோ என்று தேடினேன். அந்த நகரத்தில் ஒரு பகுதிக்கு இன்றும் சாக்சி என்றுதான் பேர்.