விளக்கை வைத்தபின்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவனார், நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உழைச்செல்வானையும் ஒப்ப வைத்து எண்ணினார். நோயாளியின் அருகிருந்து பணிபுரிவார்க்குத் தமிழ்மறை அளித்த அவ்விடத்தை மேனாட்டிலே செயலால் நிலைநாட்டியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கையில் விளக்குடன் நோயாளரிடையே நடந்த அவருடைய உருவத்தைப் பாடநூலிற் காணாத மாணவர் அரியர். ஆயின், அவ்விளக்கை அவர் ஏந்திய காலம் இரண்டாண்டும் நிரம்பாதது. அதன்பின் அவர் வாழ்ந்தவை 54 ஆண்டுகள். அந்நெடுங்காலத்தை நினைப்பார் சிலரே.

1820 மே 12 ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே, செல்வம் மிக்க ஆங்கிலக் குடியில் அம்மையார் தோன்றினார். பிறந்த ஊரின் பெயரே அவர்க்குப் பெயராயிற்று. தாதித்தொழிலை உலகம் இழிவாகக் கருதிய அந்நாளில், அதனையே விரும்பிய அவரைத் தாயும் தமக்கையும் பல்லாண்டு தடுத்தனர். 1851 இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்திற் சில திங்கள் பயின்றார். 1853 இல் இலண்டனில் ஒரு சிறு மருத்துவ நிலையத்தின் மேற்பார்வையை ஏற்றார். அடுத்த ஆண்டே கிரைமியப் போர் அவரை அழைத்தது. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தபோது, அவர்க்கு வயது 34. பொறுப்பான பணியிற் பெற்ற பயிற்சியோ ஓராண்டளவினதே.

அங்கே கழிநீர் வழிகள் அடைபட்டிருந்தன. காற்றோட்டமில்லாக் கூடங்களிற் படைவீரர் நெருங்கிக் கிடந்தனர். அம்மையார் இரவும் பகலும் உழைத்தார். எனினும் சாவு குறைந்திலது. 1855 பெப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு நாற்பதின்மேல் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் வாய்க்கால்களைத் துப்புரவு செய்து காற்றுக்கு வழி திறந்தபின், சாவு விரைந்து வீழ்ந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே கிரைமியாவிற் கொடுங்காய்ச்சல் பற்றி, அம்மையார் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். 1856 இல் தாயகம் திரும்பியவர், 1857 ஆகஸ்டில் உடல் முற்றும் தளர்ந்து படுக்கையில் வீழ்ந்தார்.

ஏற்ற பணியைத் தொடர உடல் இடந்தரவில்லை; கைவிடவோ உள்ளம் ஒருப்படவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே அவர் மூன்றாவது வழியொன்று கண்டார். நோயாளியின் கட்டிலருகே நின்ற தாதி, எழுதுமேசைக்கு இடம்பெயர்ந்தார். புள்ளியியலறிஞர் வில்லியம் பார் என்பாரின் துணையோடு போர்க்காலக் கணக்குகளை ஆராய்ந்து, படைவீரருட் பெரும்பாலோரைக் கொன்றது பகைவர் ஆயுதமன்று, தடுத்திருக்கக்கூடிய நோயே என்பதை வட்ட வரைபடங்களால் விளக்கினார். 1858 இல் இலண்டன் புள்ளியியற் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே. 1860 இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயராலே தாதியர் பள்ளி தோன்றியது. லிவர்பூலில் ஏழைகளின் இல்லந்தோறும் சென்று பணிபுரியும் தாதியரைப் பயிற்றவும் அவர் வழிகாட்டினார்.

இந்திய மண்ணை ஒருகாலும் மிதியாத அம்மையார், அந்நாட்டிலிருந்த பிரித்தானியப் படையின் நலம்பற்றி 1863 இல் வெளிவந்த அரச ஆணைக்குழு அறிக்கைக்கு உயிராய் நின்றார். ஆண்டுதோறும் ஆயிரவருள் 69 பேர் இறந்த நிலை, பத்தாண்டளவிற் 18 ஆகக் குறைந்தது. குடியேற்ற நாடுகளின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றி அவர் திரட்டிய கணக்குகளில் நம் இலங்கையும் இடம்பெற்றது. 1907 இல் பிரித்தானிய அரசின் சிறப்பு விருதொன்றை, பெண்களுள் முதல்வராகப் பெற்ற அவர், 1910 ஆகஸ்ட் 13 ஆம் நாள் மறைந்தார்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மகாவலிப் பாலத்தைக் கடந்து தாதியர் பயிற்சிக்குச் செல்லும் நம் மாணவியர்க்கு இவ்வரலாற்றின் பிற்பகுதியையே முதலிற் சொல்ல வேண்டும். சேர்ந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, இரவுப் பணியாலும் இறப்புக்களைக் கண்ட துயராலும் சோர்ந்து, வேறு பிரிவுக்கு மாறலாமா என எண்ணுவோர் உளர்; அவ்வெண்ணத்தையே குற்றமாகக் கருதி மறுகுவோரும் உளர். அம்மையார்க்குத் தந்தையின் பொருள் துணைநின்றது. மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பத்துப் பெண்ணுக்கு அத்துணை இல்லை. ஆதலின் அவளுக்கு மாறும் வழியைத் திறந்துவைப்பது மேலாளர் கடன். 1926 இற் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியேயும் தாதியர்க்கு இந்நாட்டிற் பணியுண்டு. தாய்சேய் நலம், பாடசாலைச் சுகாதாரம், தாதியர் கல்வி ஆகிய யாவும் அவ்விளக்கின் ஒளியே.

நோயாளியின் அளவும், நோயின் அளவும், காலமும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அம்மூன்றோடு உழைச்செல்வாரின் அளவையும் கருதுதல் நம் கடமை. தன் அளவை அறிந்து இடம்பெயரும் தாதியைப் பணியைத் துறந்தவள் என்று பழிப்பது முறையன்று.