பாஸ்டன் சித்திரசாலையில் ஆனந்தக் குமாரசுவாமி

பிசான அறுவடை முடிந்த பங்குனி மாலையொன்றில் சேரன்மகாதேவியிலே கன்னடியன் கால்வாய்க் கரைமேல் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு, களத்தோரத்து வைக்கோற்போர்கள் ஒரு நாழிகைக்குள்ளே பொன்னிறமும் செந்நிறமும் நீலநிழலுமாக மாறி மாறித் தோன்றும். நாள்தோறும் காணும் காட்சியாகலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பிரான்சு தேசத்துக் கிளாட் மோனே என்னும் ஓவியர் தம் வீட்டருகே நின்ற போர்களை இவ்வாறே கண்டு, வெயிலிலும் பனியிலும், காலையிலும் அந்தியிலும் நின்று, 1890, 1891 ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 25 படங்களாகத் தீட்டினார். (அவை வைக்கோல் அல்ல, கதிரோடு கூடிய கோதுமை அரிகளின் குவியல்.) அவற்றுள் அந்திப்பொழுதைக் காட்டும் படம் ஒன்று 1925-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரப் பொருட்காட்சிசாலையை வந்தடைந்தது. அதே கூரையின் கீழ் அக்காலத்தில் இந்தியக் கலைப் பகுதிக்குக் காப்பாளராய் அமர்ந்திருந்தவர் ஒரு தமிழர் மகனார். அவர் சரித்திரத்தையே ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுந்தோம்.

ஆனந்தக் குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22 ஆம் நாள் கொழும்பு நகரிலே பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கியவர். இலங்கைத் தமிழருள் பெரும்புகழ் படைத்தவர். தாயார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னே, 1879-இல், தந்தையார் காலமாயினார். ஆகவே பிள்ளை இங்கிலாந்தில் தாயாரிடத்தே வளர்ந்து, லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரமும் தாவர சாஸ்திரமும் கற்று 1900-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலங்கைக்குத் திரும்பி அந்நாட்டுக் கனிப்பொருள் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார். 1904-இல் தோரியனைட் என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தார். அவ்வழியே சென்றிருப்பாராயின் விஞ்ஞானிகள் வரிசையில் ஒருவராய் நிலைத்திருப்பார்.

கல்லைத் தேடிக் கிராமங்கள்தோறும் அலைந்தவர் கண்ணிற்கு வேறொன்று புலப்பட்டது. கண்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாய்த் தச்சும் கன்னாரும் நெசவும் செய்துவந்த கம்மாளரும் பிறரும் தொழிலிழந்து நிற்க, அவர் கைப்பொருள்களோ சீமைப் பொருள்களுக்கு இடங்கொடுத்து மறைந்துகொண்டிருந்தன. மறைவதற்குமுன் எழுதிவைத்தல் வேண்டுமென்று துணிந்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலொன்றை இயற்றி, வில்லியம் மாரிஸ் என்பார்க்கு உரியதாயிருந்த கையச்சிலே அதனை 1908-இல் அச்சிட்டார். பிரதிகள் 425 மட்டுமே. அன்றுமுதல் கலையே அவர் வாழ்வாயிற்று.

இந்தியா முழுதும் சுற்றி இராஜபுத்திரச் சித்திரங்களைத் திரட்டினார். இந்நாட்டிலே தேசியப் பொருட்காட்சிசாலையொன்று அமைப்பாராயின் அவற்றையெல்லாம் அதற்கு அளித்துவிடச் சித்தமாயிருந்தார். அமைப்பார் இல்லை. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படைக்கு ஊழியஞ்செய்ய மறுத்தமையால் இங்கிலாந்தில் இருத்தலும் அரிதாயிற்று. 1917-இல் அவரும் அவர் சேகரித்த செல்வமும் பாஸ்டனுக்குச் சென்றனர். நம்மவர் வேண்டாது விட்டதை அயலார் வாங்கிப் போற்றினர். இது நினைக்குந்தோறும் நாணத்தக்கது.

நிற்க. பாஸ்டன் செல்வர்கள் பிரெஞ்சு ஓவியத்தில் மோகமுடையோர். 1874-இல் பாரிசில் மோனே முதலியோர் கூடித் தம் படங்களைக் காட்டியபொழுது பத்திரிகைக்காரர் ஒருவர் எள்ளி நகைத்துச் சூட்டிய பெயரே இம்பிரஷனிஸ்டு என்பது. நகையாடப்பெற்ற அப்படங்களை அமெரிக்கர் விரைந்து வாங்கினர். பாஸ்டன் சாலையில் 1911-இலேயே மோனேயின் படங்கள் தனியே காட்டப்பெற்றன. ரெனுவார் வரைந்த பூழிவால் நடனம் 1937-இல் அங்கே சேர்ந்தது. இவற்றை அருகே சென்று நோக்கினால் வெறும் வண்ணத் தீற்றல்களே காணும். பத்தடி பின்வாங்கினால் அத்தீற்றல்கள் ஒன்றுகூடி வெயிலாகவும் நீராகவும் நடுங்கும் காற்றாகவும் மாறும். காண்போர் அவ்விடம்விட்டு அகலார்.

இவ்வின்பத்தைத்தான் குமாரசுவாமி ஐயுற்றார். கண்ணுக்கு இனிமை பயத்தல் கலையின் முடிவன்று என்பதும், பொருட்காட்சிசாலை மக்களை மகிழ்விக்கும் இடமன்று, அறிவிக்கும் இடம் என்பதும் அவர் கொள்கை. உயிரோடிருக்கும் ஓவியர் படங்களைச் சாலையில் வைத்தல் வேண்டா, அவற்றுக்கு அழிவச்சம் இல்லையன்றோ என்றும் வாதித்தார். 1943-இல் வெளிவந்த நூலொன்றில் இக்கொள்கையை விரித்துரைத்தார். சேரன்மகாதேவிக்கு அணித்தாயுள்ள பத்தமடையில் தாமிரபரணிக் கோரையை நூலினும் நுண்ணிதாய்க் கீறி, மணமக்கள் பெயர் பொறித்து நெய்யும் பட்டுப்பாயை எண்ணுமின். மணவறையில் விரித்து அமரும்போது அதற்குப் பொருளுண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அதன் அழகு நிற்கும். அது எதற்காயிற்று என்பது போய்விடும். அவர் கருத்து இத்தகையதே.

ஆயினும் நாம் முற்றும் உடன்பட்டிலம். மோனேயின் போர் காண்பதற்கென்றே தீட்டியது. அப்படத்தின் பதிப்பொன்றையேனும் கண்டபின்னரே நம்மூர் வயலில் மாலை வெயில் செய்யும் மாயத்தை நின்று நோக்கினவர் நம்மில் உண்டு. அது வெறும் கண்ணின்பமோ, அறிவோ என்று பிரித்தல் எளிதன்று. குமாரசுவாமியும் எப்போதும் அவ்வளவு கடுமையுடையவரல்லர். தாமே புகைப்படம் பிடிப்பதில் விருப்பமிக்கவர். ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர், உயிரோடிருந்த காலத்திலேயே, 1924-இல் தம் படங்கள் 27-ஐ அச்சாலைக்கு வழங்கும்படி தூண்டியவர் அவரே! வயது முதிர முதிர வேதாந்தமும் கிரேக்க, லத்தீன் ஞானநூல்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அதன்பின்னரே கொள்கை இறுகிற்று.

சிவபிரானின் நடனத்தைப் பற்றி அவர் 1918-இல் வெளியிட்ட நூலினாலேயே மேனாட்டார் பலர் நம் நடராஜத் திருவுருவின் பொருளை உணர்ந்தனர். 1927-இல் இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கலை வரலாற்றை எழுதினார். முப்பதாண்டு ஒரே சாலையில் பணிபுரிந்து, 1947 ஆகஸ்டில், இந்தியா விடுதலை பெற்ற மாதத்திலேயே, எழுபது வயது நிரம்பினார். நண்பர்கள் விருந்து செய்தனர். இனி இந்தியாவுக்குச் சென்று தங்கித் துறவொழுக்கத்தில் காலங்கழிக்க எண்ணியிருந்தார். அதற்குமுன், செப்டம்பர் மாதம் 9 ஆம் நாள், பாஸ்டனுக்கு அருகே நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்திலே உயிர்நீத்தார்.